பழைய புல்லட்டில் கியர் விழவில்லையா? செட்டிநாட்டு வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வலது காலில் கியர் போடும் பழைய நாலு கியர் புல்லட் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது இது. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் பக்கம் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இந்த வண்டிகள் இன்னும் நிறைய நிற்கின்றன. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கல்யாணத்துக்கோ, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ ஊருக்கு வரும்போது ஐயா ஓட்டிய வண்டியை ஆசையாக வெளியே எடுப்பார்கள். கியர் விழாது. பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவர், "கியர்பாக்ஸ் போச்சு, இறக்கிடணும்" என்பார்.

அப்படித் தீர்ப்பு சொல்லப்பட்டு என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கியர்பாக்ஸில் எந்தக் குறையும் இருந்ததில்லை. கிளட்ச், கேபிள், ஆயில், கால் லீவருக்குப் பின்னால், ஒரு மிதிக்கு ஒரு கியராக நகர்த்தும் ராட்செட் என்று எல்லாம் வெளியில்தான் இருந்தது. அதனால் கேள்விகளையும் வெளியிலிருந்து உள்ளே போகும் வரிசையில் வைத்திருக்கிறேன். கியர்பாக்ஸைத் திறப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டி இந்த வகைதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கியர் லீவர் வலது பக்கம், பின் பிரேக் இடது பக்கம். முதல் கியருக்குக் காலால் மேலே தூக்க வேண்டும். இரண்டு, மூன்று, நாலுக்குக் கீழே மிதிக்க வேண்டும். கியர் லீவருக்குப் பக்கத்தில் குதிகாலால் மிதிக்க இன்னொரு சின்ன லீவர் இருக்கும். அது நியூட்ரல் லீவர். இத்தனையும் இருந்தால் உங்கள் வண்டியில் இருப்பது ஆல்பியன் என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் வடிவமைப்பில் வந்த கியர்பாக்ஸ்.

1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூர் ஆலையில் இருந்து பல பத்தாண்டுகள் இதே பெட்டிதான் வண்டியோடு வந்தது. இடது கால் ஐந்து கியர் வந்த பிறகான வண்டிகளின் உள்ளமைப்பு வேறு. அவற்றுக்கு இங்கே சொல்லும் கிளட்ச் சோதனைகள் உதவும், மற்றவை பொருந்தாது.

அண்ணே, ஒரு வருஷம் நின்ன வண்டி. ஸ்டார்ட் ஆகுது. ஆனா கிளட்சைப் பிடிச்சு முதல் கியர் போட்டதும் துள்ளி ஆஃப் ஆயிடுது. கியர்பாக்ஸா?

இல்லை. கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. மாதக்கணக்கில் அசையாமல் நின்றால், நடுவில் இருக்கும் பழைய ஆயில் பிசுபிசுத்து, பிளேட்டுகள் ஈரத்தில் வைத்த அப்பளக் கட்டு மாதிரி ஒன்றோடு ஒன்று பிடித்துக்கொள்ளும். நீங்கள் லீவரைப் பிடித்தாலும் அவை பிரிவதில்லை. எஞ்சின் சுற்று அப்படியே கியருக்குப் போகிறது.

இதற்கு ஸ்பேனரே வேண்டாம். இஞ்சின் ஆஃபில், நியூட்ரலில் வைத்து, கிளட்ச் லீவரை முழுசாகப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதியுங்கள். இந்தப் புல்லட்டில் கிக்கரின் விசை கியர்பாக்ஸ் வழியாகக் கிளட்சுக்குப் போய், அங்கிருந்து இடது பக்க மூடிக்குள் கிளட்சையும் எஞ்சினையும் இணைக்கும் பிரைமரி செயினில் எஞ்சினுக்குப் போகிறது. ஆகவே கிளட்ச் பிரிந்திருந்தால் கிக்கர் லேசாகக் கீழே போகும், எஞ்சின் சுற்றாது. எஞ்சினும் சேர்ந்து சுற்றினால் பிளேட் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். லீவரை விடாமல் பல முறை மிதித்தால் பெரும்பாலும் 'டக்' என்று பிரிந்துவிடும். பிரிந்ததும் கால் அதை உணரும்.

அப்படியும் வரவில்லை என்றால் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை ஓட விடுங்கள். ஆஃப் செய்து, இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். அதற்கும் மசியாத வண்டிக்குப் பிரைமரி மூடியைக் கழற்றி பிளேட்டுகளை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும்.

தினமும் ஓட்டும் வண்டியிலும் காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஓரிரு முறை கிக்கரை மிதிப்பது நல்ல பழக்கம். பெரியவர்கள் கேட்காமலே செய்வார்கள். முதல் கியர் சத்தமில்லாமல் விழுவதற்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

கோளாறு கிளட்சிலா, கியர்பாக்ஸிலா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

வண்டியை நடு ஸ்டாண்டில் போடுங்கள். எஞ்சின் ஆஃப். ஒரு கையால் பின் சக்கரத்தை மெதுவாக முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே மறு கையால் கியர் லீவரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்று, நியூட்ரல், இரண்டு, மூன்று, நாலு. பிறகு அதே வழியில் திரும்பி வாருங்கள். சக்கரத்தைச் சுற்றாமல் போடக் கூடாது. உள்ளே பற்கள் நேருக்கு நேர் முட்டி நின்றால் நல்ல கியர்பாக்ஸும் விழாது. அங்கே பலம் காட்டினால், பெட்டிக்குள் கியர்களை நகர்த்தும் ஃபோர்க் வளையும்.

எஞ்சின் ஆஃபில் எல்லா கியரும் சுத்தமாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் தகராறு செய்தால் கிளட்ச் சரியாகப் பிரியவில்லை. எஞ்சின் ஆஃபிலும் ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் விழவில்லை என்றால் ராட்செட், அல்லது அதற்கும் உள்ளே. ஓடும்போது விழுகிறது, ஆனால் நிற்காமல் வெளியே வந்துவிடுகிறது என்றால் அது வேறு கதை, கீழே தனியாகச் சொல்கிறேன்.

இந்தச் சோதனையைச் செய்யாமல் மூடியைக் கழற்றுகிற மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

கிளட்ச் கேபிளை எவ்வளவு இறுக்க வேண்டும்?

கை லீவரில் 2 அல்லது 3 மி.மீ. தளர்வு கட்டாயம் இருக்க வேண்டும். தளர்வே இல்லாமல் இறுக்கினால் கியர் லேசாக விழும், உண்மைதான். ஆனால் கிளட்ச் எப்போதும் பாதி பிடித்த நிலையில் இருக்கும். ஏற்றத்தில் நழுவும், புஷ் ராடின் நுனி உரசிச் சூடேறி நீலம் பாய்ந்து தேயும். தேய்ந்தால் மறுபடி தளர்வு வரும், மறுபடி இறுக்குவார்கள். இப்படியே போய் அட்ஜஸ்டர் முடிந்த வண்டிகளை நிறையப் பார்க்கலாம்.

புஷ் ராடு என்பது வலது பக்கத்திலிருந்து, உள்ளே குடைவாக இருக்கும் மெயின் ஷாஃப்ட் வழியாக இடது பக்கம் போய், கிளட்சின் பிரஷர் பிளேட்டைத் தள்ளும் கம்பி. சில வண்டிகளில் இடையில் ஒரு எஃகுக் குண்டும் இருக்கும். யாராவது முன்பு கழற்றியபோது குண்டு உருண்டு காணாமல் போயிருந்தால், நீளம் குறைந்து கிளட்ச் ஒருநாளும் சரியாகப் பிரியாது. கேபிள் அட்ஜஸ்டர் கடைசி மரை வரை வந்தும் பிரியவில்லை என்றால் முதல் சந்தேகம் இங்கேதான்.

கேபிளைத் தொடுவதற்கு முன் கியர்பாக்ஸ் வெளிமூடியில் இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, கிளட்ச் ஆர்மில் உள்ள அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள். ஆர்ம் நல்ல கோணத்தில் நின்றால்தான் கேபிள் இழுக்கும் தூரம் முழுசும் பயன்படும். ஆர்ம் ஏற்கெனவே சாய்ந்து கிடக்கும்போது கேபிளை எவ்வளவு இறுக்கியும் பலனில்லை.

இன்னொன்று நம்ம ஊர் செம்மண் புழுதி. கேபிள் உறைக்குள் புகுந்து எண்ணெயோடு சேர்ந்து களிம்பாகிவிடும். லீவர் கனமாக இருக்கிறது என்று ஸ்ப்ரிங்கைத் தளர்த்தச் சொல்வார்கள். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். டேங்குக்கு அடியில் கூர்மையாக மடங்காமல், ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுசாகத் திருப்பினாலும் இழுபடாமல் போகிற மாதிரி விடுங்கள்.

கேபிள் சரி, புஷ் ராடு சரி. இன்னும் கிளட்ச் சரியாகப் பிரியவில்லை.

அப்படியானால் பிரைமரி மூடியைக் கழற்றலாம். பெரிய மூடியாக இருந்தாலும் கிக்கர் மட்டும் உள்ள பழைய வண்டிகளில் அதைப் பிடித்திருப்பது நடுவில் ஒரே நட்டுதான். இடது ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றி, கீழே தட்டு வைத்து, அந்த நட்டை எடுத்தால் மூடி வந்துவிடும். திருப்புளி விட்டு நெம்பாதீர்கள். ரப்பர் சீல் உட்காரும் விளிம்பு அலுமினியம். ஒரு கீறல் விழுந்தால் அப்புறம் ஆத்தங்குடிக் கல் தரையில் எண்ணெய் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆச்சியிடம் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூடி திறந்ததும் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கிக்கரை மெதுவாக மிதிக்கட்டும். நீங்கள் பிரஷர் பிளேட்டைக் கவனியுங்கள். அது நேராக எழும்பித் தள்ளாடாமல் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் தூக்கி ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு சுற்றினால் ஸ்ப்ரிங் ஸ்க்ரூக்கள் ஒரே அளவில் இல்லை. எந்தப் பக்கம் குறைவாக எழும்புகிறதோ அந்தப் பக்க ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்திப் பாருங்கள். பொறுமையான வேலை. ஆனால் இதைச் செய்து முடித்த வண்டியில் கியர் விழும் விதமே மாறிவிடும். நான் இந்தப் பக்கத்தில் சொல்வதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அப்படியே பிளேட்டுகளையும் எடுத்துப் பாருங்கள். எஃகு பிளேட்டைக் கண்ணாடி மேல் வைத்தால் வளைவு தெரியும். கிளட்ச் டிரம்மின் காடிகளில் பிளேட்டின் காதுகள் குத்திக் குத்திப் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளத்தில் சிக்கிக்கொண்டால் பிளேட் நகராது. லேசான பள்ளத்தை அரத்தால் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் டிரம் மாற்ற வேண்டியதுதான். கிளட்சையே கையால் பிடித்து ஆட்டும்போது நன்றாக ஆடுகிறது என்றால் உள்ளே மெயின் ஷாஃப்டைச் சுற்றி இருக்கும் ஸ்லீவ் கியரின் புஷ் (ஷாஃப்ட் சுற்றும் வெண்கல வளையம்) தேய்ந்து மெயின் ஷாஃப்ட் தள்ளாடுகிறது. அந்த வண்டியில் கிளட்சை எவ்வளவு சரிசெய்தாலும் தங்காது.

பிரைமரி செயினின் தளர்வையும் பார்த்துவிடுங்கள். நடுவில் மேலும் கீழுமாகச் சுமார் 6 மி.மீ. அசைய வேண்டும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. ஆகவே எஞ்சினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் அந்த அளவை வையுங்கள். இந்த வண்டியில் கியர்பாக்ஸ் எஞ்சினின் பின்பக்கத்தோடு நேராகப் பூட்டப்பட்டிருக்கிறது. அதனால் மற்ற பழைய வண்டிகளைப் போல கியர்பாக்ஸைப் பின்னால் நகர்த்திச் செயினை இறுக்க முடியாது. செயினுக்கு அடியில் இருக்கும் அட்ஜஸ்டரால்தான் இறுக்க வேண்டும்.

பிரைமரியில் என்ன ஆயில்?

20டபிள்யூ50 மோட்டார்சைக்கிள் எஞ்சின் ஆயில் போதும். கியர் ஆயிலை இங்கே ஊற்றாதீர்கள், பிளேட் பிரியாது. கார் எஞ்சினுக்கான, உராய்வைக் குறைக்கும் சேர்மானம் போட்ட ஆயிலும் வேண்டாம், கிளட்ச் நழுவும். மூடியில் உள்ள லெவல் ஸ்க்ரூவைத் திறந்து வைத்து, அதில் வழியும் வரை ஊற்றுங்கள். அதிகம் ஊற்றினால் கிளட்ச் ஆயிலில் நீந்தும்.

எஞ்சினில் இருந்து எடுத்த கறுப்பு ஆயிலைப் 'பிரைமரிக்கு இது போதும்' என்று ஊற்றும் பழக்கம் இங்கே உண்டு. அந்த ஆயிலில் இருக்கும் கசடு அப்படியே பிளேட்டில் படியும். மிச்சமாகும் காசு ரொம்பச் சின்னது, விட்டுவிடுங்கள்.

கியர்பாக்ஸுக்குள் கிரீஸா, ஆயிலா?

இதில் ஊருக்கு ஊர் சண்டை உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

இந்தப் பெட்டி இன்றைய கியர்பாக்ஸ் மாதிரி நல்ல சீல்களோடு செய்யப்பட்டது இல்லை. அந்தக் காலத்தில் இதற்குள் இளகிய கிரீஸ்தான் போட்டார்கள். அது கசிவதற்கு வழி தேடாது. பிறகு 90 கியர் ஆயில் வந்தது. ஆயில் எல்லா இடுக்குக்கும் போகும், புஷ்களுக்கு நல்லது, ஆனால் கிளட்ச் புஷ் ராடு வழியாகவும் ஸ்ப்ராக்கெட் பக்கமும் கசியும்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், 'கிரீஸ்' என்று கேள்விப்பட்டு வீல் பேரிங்குக்குப் போடும் கெட்டி கிரீஸை அடைத்துவிடுகிறார்கள். கியர் சுற்றியதும் அது ஒதுங்கிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், திரும்பி வராது. கியர்கள் காய்ந்து ஓடும். சித்திரை வெயிலில் ஓரளவு இளகுகிற அந்தக் கிரீஸ் மார்கழிக் காலையில் இறுகிக்கொள்ளும், கியர் லீவர் திரும்பி வருவதற்கே சோம்பல்படும். இப்படி அடைக்கப்பட்ட வண்டி வந்தால் மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பழையதை முழுசாக எடுப்பதைத் தவிர வழியில்லை.

என் பரிந்துரை: கசிவு குறைவான பெட்டிக்கு 90 கியர் ஆயில் மட்டும். கசிகிற பெட்டிக்கு, ஊற்றினால் ஓடுகிற அளவுக்கு இளகிய 00 தர கிரீஸை அதே ஆயிலோடு கலந்து ஊற்றுங்கள். டப்பாவில் ஜி.எல்.-4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் புஷ்கள் வெண்கலம். ஜி.எல்.-5 ஆயில்களில் இருக்கும் கந்தகச் சேர்மானம் கூடுதல். பழைய வெண்கலத்துக்கு அது ஆகாது.

இரண்டிலிருந்து மூன்று போடும்போது கியர் விழாமல் எஞ்சின் அலறுகிறது. மறுபடி மிதித்தால் சில நேரம் விழுகிறது.

பழைய புல்லட்டைப் பற்றி வரும் குறைகளில் முதலிடம் இதற்குத்தான். இதைப் புரிந்துகொள்ள உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பெட்டியில் மெயின் ஷாஃப்டிலும் அதற்கு இணையான லே ஷாஃப்டிலும் நகரும் கியர்களை ஒரே ஃபோர்க் சேர்த்து நகர்த்துகிறது. ஒரு கியரை விட்டு அடுத்த கியரின் பற்களைப் பிடிப்பதற்கு இடையில் எதையும் பிடிக்காத ஒரு வெற்றிடம் இருக்கிறது. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் இருப்பதை நியூட்ரல் என்கிறோம். மற்ற இடங்களில் இருப்பதைப் ஃபால்ஸ் நியூட்ரல் என்கிறோம். ஆக, அது புதிதாக வந்த கோளாறு இல்லை, வண்டி பிறந்தபோதே இருந்தது. லீவரின் வீச்சு முழுசாக இருந்தால் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம். வீச்சு குறைந்தால் அங்கே மாட்டிக்கொள்வோம்.

வீச்சு குறைய மூன்று காரணம். முதலாவது கால். இன்றைய வண்டிகளில் லீவரைத் தட்டினால் போதும். இதில் லீவர் நின்று போகும் வரை நிதானமாக மிதித்து, கியர் பிடித்ததைக் காலில் உணர்ந்து, பிறகு காலை முழுசாக எடுக்க வேண்டும். லீவர் நடு நிலைக்குத் திரும்பினால்தான் ராட்செட் அடுத்த பல்லைப் பிடிக்கும். செருப்பை லீவர் மேலேயே வைத்துக்கொண்டு ஓட்டுபவர்களுக்கு இந்தக் கோளாறு தீரவே தீராது. கியருக்கும் கியருக்கும் நடுவில் அவசரம் வேண்டாம். புது வண்டி மாதிரி விரட்டினால் இந்தப் பெட்டி ஒத்துழைக்காது. அதன் நடைக்குப் போனால் வெண்ணெய் மாதிரி மாறும்.

இரண்டாவது லீவர். அது உட்காரும் பல் வரிசை தேய்ந்திருந்தால் கொஞ்சம் சுற்றி நழுவும். கையால் ஆட்டிப் பாருங்கள். லீவர் ஃபுட்ரெஸ்ட்டிலோ சைலன்ஸரிலோ முட்டுகிறதா என்றும் பாருங்கள். ஒரு முறை கீழே விழுந்த வண்டியில் லீவர் உள்ளே வளைந்து, வீச்சு முடியும் முன்பே மூடியில் தட்டும்.

மூன்றாவது ராட்செட்டின் ஸ்டாப் தகடு. லீவர் மேலே எவ்வளவு போகலாம், கீழே எவ்வளவு போகலாம் என்று வரம்பு கட்டும் தகடு அது. அதை நகர்த்தி வைக்க நீளத் துளைகள் இருக்கும். போல்ட் தளர்ந்து தகடு ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் ஒரு திசையில் வீச்சு கூடி மறு திசையில் குறைந்துவிடும். அடையாளம் எளிது: கியரை ஏற்றும்போது, அதாவது மூன்றும் நாலும் போடும்போது மட்டும் தகராறு, குறைக்கும்போது எல்லாம் சுத்தமாக விழுகிறது, அல்லது நேர் எதிராக. இரு திசையிலும் ஒரே மாதிரி தகராறு என்றால் தகடு காரணமில்லை, ராட்செட் பற்களோ, அவற்றைப் பிடித்துத் தள்ளும் பாவலோ தேய்ந்திருக்கிறது.

தகட்டைத் தொடும் முன் அது இப்போது இருக்கும் இடத்தை ஊசியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நகர்த்துவது ஒரு மி.மீ.-க்கும் குறைவாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் போல்ட்டை இறுக்கி, பின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு நாலு கியரையும் மேலும் கீழும் போட்டுப் பார்த்த பிறகுதான் அடுத்த நகர்த்தல். ஒரு திசையைச் சரிசெய்து மறு திசையைக் கெடுத்துக்கொள்வது இங்கே ரொம்பச் சுலபம். இரண்டும் சரியாக விழும் இடம் நடுவில் எங்கோ இருக்கும், தேடிக் கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.

லீவரை மிதித்தால் அப்படியே கிடக்கிறது, திரும்பி வரவில்லை.

திருப்பும் ஸ்ப்ரிங் உடைந்திருக்கிறது அல்லது கொக்கியில் இருந்து கழன்றிருக்கிறது. வெளிமூடிப் பக்கத்து வேலைதான், சின்ன செலவு. வழியில் இப்படி ஆனால் ஒவ்வொரு கியருக்குப் பிறகும் லீவரைக் காலாலேயே நடுவுக்குக் கொண்டுவந்து ஓட்டி வீடு வந்து சேரலாம்.

நியூட்ரல் லீவரை எப்போது மிதிக்கலாம்?

இரண்டு, மூன்று, நாலு ஆகிய கியர்களில் இருக்கும்போது. கிளட்சை முழுசாகப் பிடித்து, குதிகாலால் ஒரே அழுத்து. எந்த கியரில் இருந்தாலும் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். முதல் கியரில் இருந்து இது வேலை செய்யாது, அதற்காக மிதி மிதி என்று மிதிக்காதீர்கள். கிளட்சைப் பிடிக்காமல் மிதிப்பதும் கூடாது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நிற்கும்போது இரண்டாவது கியரிலேயே நின்று, அப்படியே லீவரை மிதித்துவிடுங்கள். சூடான எஞ்சினில் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே காலால் நியூட்ரல் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் தானாகத் தெறித்து வெளியே வருகிறது.

இது அலட்சியம் செய்யக் கூடாதது. முதலில் எந்த கியர், எப்போது என்று கவனித்து எழுதிவையுங்கள். ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது தெறிக்கிறதா, விடும்போதா?

எல்லா கியரிலும் அவ்வப்போது தெறித்தால் பற்கள் பாதிதான் பிடிக்கின்றன. மேலே சொன்ன ஸ்டாப் தகட்டையும், கியரை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் பிளஞ்சரின் ஸ்ப்ரிங்கையும் பாருங்கள். அந்த ஸ்ப்ரிங் பல வருஷத்தில் சோர்ந்துபோகும். ஒரே கியரில் மட்டும், அதுவும் ஏற்றத்தில் இழுக்கும்போது தெறித்தால், அந்த கியரின் பக்கவாட்டுப் பற்கள் முனை மழுங்கியிருக்கின்றன. சதுரமாக இருக்க வேண்டிய முனை உருண்டுவிட்டால் இழுவிசை வந்ததும் ஒன்றை ஒன்று வெளியே தள்ளும். இதை எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் தீர்க்காது. அப்படியே ஓட்டினால் எதிர்ப்பக்கத்துக் கியரும் சேர்ந்து மழுங்கும், செலவு இரண்டு மடங்காகும்.

மழுங்கிய பல்லை வெல்டு வைத்து அரைத்துக் கொடுக்கிறேன் என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. சூடு ஏறியதும் அந்த எஃகின் கடினம் போய்விடும். அந்த வேலைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

ஒன்று, இரண்டு, மூன்றில் ஊளைச் சத்தம். நாலில் அமைதி. ஏன்?

நாலாவது கியரில் மெயின் ஷாஃப்ட் ஸ்லீவ் கியரோடு நேராகப் பூட்டிக்கொள்கிறது. லே ஷாஃப்ட் சும்மா கூடச் சுற்றுகிறது, சுமை இல்லை. மற்ற மூன்றிலும் சுமை லே ஷாஃப்ட் வழியாகப் போகிறது. ஆக, சத்தம் லே ஷாஃப்டின் புஷ்களிலோ அதன் பற்களிலோ இருக்கிறது. முதலில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் சத்தம் வந்தால் திறக்கும் காலம் வந்துவிட்டது.

சரி, திறந்தே ஆக வேண்டும். எஞ்சினை இறக்க வேண்டுமா?

வேண்டாம். வலது பக்கம் வெளிமூடி, உள்மூடி இரண்டையும் எடுத்து, இடது பக்கம் கிளட்சைக் கழற்றினால் ஷாஃப்டுகளும் கியர்களும் வலது பக்கமாக வந்துவிடும். பெட்டி வண்டியிலேயே இருக்கும். 'எஞ்சினை இறக்கினாத்தான் ஆகும்' என்று கூலி கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

கழற்றும்போது ஒவ்வொரு வாஷரும் எந்த ஷாஃப்டில், எந்தப் பக்கம் இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு அசைவைக் கட்டுப்படுத்துவது அந்த மெல்லிய வாஷர்கள்தான். ஒன்று இடம் மாறினால் நல்ல கியரும் தெறிக்கும். ஃபோர்க்கின் இரு கைகளும் ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஃபோர்க் வளைந்திருக்கிறது.

சாமான் எங்கே கிடைக்கும்?

கிளட்ச் பிளேட், கேபிள், ஸ்ப்ரிங், பேக்கிங் எல்லாம் காரைக்குடியிலேயே கிடைக்கும். கியர்களுக்குத் திருச்சி, மதுரை, இல்லை என்றால் சென்னை புதுப்பேட்டை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைச் சுற்றிவந்தால் ஹெட்லைட் கிண்ணமோ பழைய மீட்டரோ கண்ணில் படலாம், கியருக்கு அங்கே போக வேண்டாம்.

பழைய கியர் நல்ல நிலையில் கிடைத்தால், பேர் தெரியாத புதுக் கியரைவிட அதையே வாங்குவேன். பல்லின் முனையில் அரத்தை லேசாக ஓட்டிப் பாருங்கள். அரம் வழுக்கினால் நல்ல எஃகு. கடித்து இழுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெண்கலப் புஷ்களை மட்டும் கடையில் வாங்காமல் ஷாஃப்டையும் கையோடு கொண்டுபோய் நல்ல லேத் பட்டறையில் அளவெடுத்துக் கடைந்து வாங்குங்கள். தேய்ந்த ஷாஃப்டுக்குப் பொருத்தமான புஷ் எந்தக் கடையிலும் இருக்காது.

இடது காலுக்கு மாற்றிவிடலாமா? தம்பிக்கு வலது கால் கியர் பழகவில்லை.

குறுக்கே ஒரு ராடும் இரண்டு மூட்டும் சேர்த்து மாற்றித் தருவார்கள். ஒவ்வொரு மூட்டும் தேய்ந்து ஆடும்போது லீவரின் வீச்சில் கொஞ்சம் போய்விடும். ஏற்கெனவே வீச்சுதான் பிரச்சினை என்று மேலே பார்த்தோம். பிரேக்கையும் பக்கம் மாற்ற வேண்டும். தம்பியை ஒரு வாரம் செம்மண் ரோட்டில் ஓட்டிப் பழகச் சொல்லுங்கள், வந்துவிடும்.

எங்கள் வீட்டில் இருப்பது ஜாவா. கியர் போட்டால் கிளட்சைப் பிடித்திருந்தும் இழுத்துக்கொண்டு போகிறது.

மைசூரில் 1996 வரை வண்டி செய்த ஐடியல் ஜாவாவின் ஜாவா, யெஸ்டி வண்டிகளில் கியர் லீவரும் கிக்கரும் ஒன்றே. லீவரை மிதிக்கும்போதே உள்ளே ஒரு கேம் கிளட்சையும் கொஞ்சம் பிரித்துவிடும். அதனால் கை கிளட்ச் இல்லாமலே கியர் மாற்ற முடியும். கை கிளட்சும் அந்த அமைப்பும் ஒரே கம்பியைத்தான் தள்ளுகின்றன. கேபிளை இறுக்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் இரண்டில் ஒன்று கெடும். வரிசை முக்கியம்: முதலில் கேபிளைத் தளர்த்தி, கிளட்ச் அட்ஜஸ்ட் ஸ்க்ரூவைச் சரிசெய்து, லீவரை லேசாக அழுத்தும்போதே கிளட்ச் பிரியத் தொடங்குகிறதா என்று பார்த்து, கடைசியில் கேபிளில் தளர்வு வையுங்கள். கிளட்சும் கியரும் ஒரே ஆயிலில் ஓடுவதால் ஆயில் தேர்வும் புல்லட் மாதிரி இல்லை. அங்கே கெட்டியான கியர் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் சரியாகப் பிரியாது.

அடுத்த வருஷம்தான் வருவோம். எப்படி விட்டுப் போவது?

போகும் முன் பிரைமரி ஆயிலையும் கியர்பாக்ஸ் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். பழைய ஆயிலில் ஈரம் கலந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது இன்னும் சேரும். நியூட்ரலில், நடு ஸ்டாண்டில், முகப்புக்கு உள்ளே நிறுத்துங்கள். வளவு முற்றத்தில் சாரல் அடிக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம், வாரம் ஒரு முறை கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரைப் பத்து மிதி மிதிக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்யத் தேவையில்லை. கிளட்ச் லீவரை ஹேண்டிலோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பிளேட் ஒட்டாது, ஆனால் ஸ்ப்ரிங்குகள் மாதக்கணக்கில் அமுங்கியே கிடக்கும். ஆள் இருக்கும் வீட்டில் கிக்கர் வழிதான் நல்லது.

எல்லாம் சரிசெய்த பிறகு எங்கே ஓட்டிப் பார்ப்பது?

காரைக்குடியில் இருந்து குன்றக்குடி வழியாகப் பிள்ளையார்பட்டி போய் வாருங்கள். ஆயில் சூடாகும் அளவுக்குத் தூரம் இருக்கிறது, ஊருக்குள் புகுந்து வெளியேறும்போது நாலு கியரும் மேலும் கீழும் மாறும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கியர் விழும் விதத்தையும் சூடான பிறகு விழும் விதத்தையும் தனித்தனியாகக் கவனியுங்கள். குளிரில் நன்றாக இருந்து சூட்டில் கெட்டால் கேபிள் தளர்வை மறுபடி பாருங்கள். வீட்டுக்கு வந்து வண்டி ஆறியதும் பிரைமரி மூடியின் நட்டையும் ஸ்டாப் தகட்டின் போல்ட்டுகளையும் ஒரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு, அடியில் ஒரு பழைய அட்டையைப் போட்டு இரவு முழுக்க நிறுத்துங்கள். காலையில் சொட்டு எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்தால் எந்தச் சீல் கசிகிறது என்று தெரிந்துவிடும்.